பெயர் அச்சில் இல்லாமலே ஜெயித்த மேயர்: பஃபலோ, 2021

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மேயர் தன் கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்றுப்போய், வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல் மறுபடி மேயரானார் என்று படித்தேன். அது எப்படி முடியும்? அது நியாயமா?

நடந்தது உண்மைதான். ஊர் பஃபலோ, ஆண்டு 2021, மேயரின் பெயர் பைரன் பிரௌன். நான் அந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். அந்த நவம்பரில் ஓட்டும் போட்டேன். எப்படி முடிந்தது என்பதைச் சட்டத்தை வைத்துச் சொல்லிவிடலாம். நியாயமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது புரிய ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் நியூயார்க் நகரத்துக்கு அடுத்த பெரிய ஊர் பஃபலோ. ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. காரில் போனால் ஆறேழு மணி நேரம். ஈரி ஏரியின் ஓரத்தில், கனடாவைப் பார்த்தபடி இருக்கிறது. 1825இல் ஈரி கால்வாய் வந்ததும் தானிய வியாபாரத்தில் வளர்ந்த ஊர். பிறகு எஃகு ஆலைகள். 1950இல் மக்கள்தொகை 5,80,000. ஆலைகள் மூடி, வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போய், 2020 கணக்கெடுப்பில் 2,78,000 பேர்தான் மிச்சம். பாதிக்கும் மேல் கரைந்துவிட்ட ஊர். மெயின் ஸ்ட்ரீட் என்ற சாலை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கறுப்பின மக்களில் பெரும்பாலோர் அதற்குக் கிழக்கே வாழ்கிறார்கள். சமீப காலமாகக் கிழக்குப் பக்கம் வங்கதேசத்துக் குடும்பங்களும், மேற்குப் பக்கம் பர்மாவிலிருந்து வந்த அகதிகளும் பழைய வீடுகளை வாங்கிச் சீர்செய்து குடியேறியிருக்கிறார்கள்.

மேயர் பதவி இங்கே அலங்காரப் பதவி கிடையாது. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். போலீஸ் கமிஷனரை நியமிப்பது மேயர். பட்ஜெட் போடுவது மேயர். பனிக்காலத்தில் உங்கள் தெருவுக்குப் பனி அள்ளும் வண்டி வரவில்லை என்றால் திட்டு வாங்குவதும் மேயர்தான். நான்கு ஆண்டுப் பதவி, எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம்.

இனி முக்கியமான விஷயம். அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்களில் உள்ளாட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. பஃபலோவில் இருக்கும். அதுவும் இது ஜனநாயகக் கட்சியின் கோட்டை; 1965ஓடு பதவி முடித்த செஸ்டர் கோவலுக்குப் பிறகு குடியரசுக் கட்சி மேயர் ஒருவர்கூட இங்கே வந்ததில்லை. ஆகவே ஜூன் மாதத்தில் ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் தேர்தலான பிரைமரியில் யார் ஜெயிக்கிறாரோ அவர்தான் மேயர், நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு என்பதுதான் வழக்கம். 2021இல் குடியரசுக் கட்சி ஆளையே நிறுத்தவில்லை.

அந்தப் பிரைமரியில் யார் ஓட்டுப் போடலாம்? நியூயார்க்கில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று படிவத்தில் குறிக்க வேண்டும். கட்சி வேண்டாம் என்று குறித்தால் பிரைமரியில் ஓட்டு இல்லை. மனம் மாறினால் பிப்ரவரி 14க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு மாற்றினால் அந்த ஜூனுக்குச் செல்லாது. எங்கள் வீட்டில் என் மனைவி ஜனநாயகக் கட்சி என்று பதிந்தவள். நான் எந்தக் கட்சி முத்திரையும் வேண்டாம் என்று இருந்தவன். ஒரே வீடு, ஒரே வரி, ஒரே குப்பைத் தொட்டி. மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. அரசு வேலை பார்ப்பவர்கள், புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் என்று எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் இப்படித்தான் பதிந்திருக்கிறார்கள்.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

பைரன் பிரௌன் 2005இல் ஜெயித்து 2006 ஜனவரியில் பதவியேற்றவர். ஊரின் முதல் கறுப்பின மேயர். நான்கு முறை ஜெயித்தாயிற்று. இடையில் மாநில ஜனநாயகக் கட்சித் தலைவராகவும் இருந்தார். அவர் காலத்தில் ஏரிக்கரை மாறியது, மருத்துவமனை வளாகம் வளர்ந்தது, கிரேன்கள் தெரிந்தன. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கிழக்குப் பக்கத் தெருக்களில் நடந்து பார்த்தால் அந்தப் பணம் மெயின் ஸ்ட்ரீட்டைத் தாண்டவே இல்லை என்பது தெரியும்.

எதிரே வந்தவர் இந்தியா வால்டன். பெயரைப் பார்த்து நம் நாட்டுக்காரரோ என்று ஊரிலிருந்து கேட்டார்கள். இல்லை, பஃபலோவின் கிழக்குப் பக்கத்தில் வளர்ந்த கறுப்பினப் பெண். அப்போது வயது 38. பதினான்கு வயதில் கர்ப்பமானவர். பிறகு குறைப்பிரசவத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து மருத்துவமனையில் கிடந்தபோது, அங்கே பார்த்த நர்ஸ்களைப் போல ஆக வேண்டும் என்று படித்து நர்ஸ் ஆனவர். நான்கு பிள்ளைகளின் தாய். தன்னை வெளிப்படையாக ஜனநாயக சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

அவர் அரசியலுக்கு வந்த இடத்தைச் சொல்ல வேண்டும். மருத்துவமனை வளாகத்தை ஒட்டி ஃப்ரூட் பெல்ட் என்று ஒரு பகுதி. தெருக்களுக்கெல்லாம் பழங்களின் பெயர்: பீச், கிரேப், ஆரஞ்சு, லெமன், மல்பெரி. ஜெர்மன் குடியேறிகள் பழத்தோட்டம் போட்ட இடம் என்பதால் வந்த பெயர்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். மருத்துவமனை வளர வளர, அங்கே வேலைக்கு வருபவர்களின் கார்கள் விடிந்ததும் இந்தத் தெருக்களை நிறைத்துவிடும். அறுபது வயது அம்மா கடைக்குப் போய் அரிசி, பால் வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டு வாசலில் காரை நிறுத்த இடம் இருக்காது. குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று பல வருடம் போராடித்தான் வாங்கினார்கள். இன்னொரு பக்கம் காலி மனைகளின் விலை ஏறத் தொடங்கியது. மனை ஒரு பொது அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், வீடு மட்டும் குடியிருப்பவருக்குச் சொந்தம், அதனால் விலை கைமீறிப் போகாது என்ற ஏற்பாட்டை அங்கே தொடங்கினார்கள். அந்த அறக்கட்டளையின் முதல் நிர்வாக இயக்குநர் வால்டன். அவருடைய அரசியல் புத்தகத்தில் படித்து வந்ததில்லை, இந்தத் தெருக்களில் வந்தது. என்னை அவர் பக்கம் இழுத்தது அதுதான்.

பிரைமரிக்கு முன் பிரௌன் அவரோடு ஒரு விவாதத்துக்குக்கூட வரவில்லை. எதிரில் ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. 2021 ஜூன் 22 அன்று கட்சியில் பதிந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார்கள். எல்லாம் சேர்த்து 25,000க்கும் குறைவு. வால்டன் ஏறக்குறைய 1,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். அன்று இரவு அவர் தன் அம்மாவுக்கு போன் போட்டு, "அம்மா, நான் ஜெயிச்சுட்டேன், நான் பஃபலோ மேயர்" என்று கத்திய வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. 1960இல் மில்வாக்கியில் ஃபிராங்க் ஸைட்லரின் பதவிக்காலம் முடிந்ததற்குப் பிறகு பெரிய அமெரிக்க நகரம் ஒன்றுக்கு சோஷலிஸ்ட் மேயர் வரப்போகிறார் என்று பத்திரிகைகள் எழுதின.

வழக்கப்படி கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். பிரௌன் ஒரு வாரத்துக்குள் எழுந்துவிட்டார்.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் இங்கேதான். வாக்குச்சீட்டில் பெயர் வர அவருக்கு ஒரு வழி இருந்தது: சுயேச்சையாகக் கையெழுத்து வாங்கி மனு கொடுப்பது. ஆனால் அதற்கான கடைசித் தேதி மே மாதத்திலேயே, பிரைமரிக்கு முன்பே, முடிந்துவிட்டது. அவர் ஆகஸ்டில் பஃபலோ கட்சி என்ற பெயரில் மனு கொடுத்தார். தேர்தல் வாரியம் நிராகரித்தது. நீதிமன்றம் போனார். செப்டம்பரில் ஒரு மாநில நீதிபதியும் ஒரு கூட்டாட்சி நீதிபதியும் அவர் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் மேல் நீதிமன்றங்கள் இரண்டு உத்தரவையும் தள்ளிவிட்டன. அச்சான வாக்குச்சீட்டில் மேயர் பதவிக்கு நேரே ஒரே பெயர்தான்: இந்தியா வால்டன்.

ஆனால் நியூயார்க் வாக்குச்சீட்டில் வேட்பாளர் வரிசை முடிந்ததும் ஒரு காலிக் கட்டம் இருக்கும். அச்சில் இல்லாத யாருடைய பெயரையும் அதில் எழுதலாம். இதை ரைட்-இன் என்பார்கள். தெளிவாகப் புரிந்தால் போதும், எழுத்துப் பிழைக்காக ஓட்டு வீணாகாது. கையால் எழுதுவதற்குப் பதில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தவும் சட்டம் அனுமதிக்கிறது. பிரௌனின் ஆட்கள் பிடித்துக்கொண்டது இந்த ஸ்டாம்பைத்தான். ஆயிரக்கணக்கில் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது: உள்ளங்கையில் அடங்கும், அழுத்தினால் தானே மை ஒட்டும், கட்டத்துக்குள் சரியாக உட்காரும் அளவில் பெயர். வாசலில் கொண்டுவந்து கொடுத்த பையன் ஒரு துண்டுக் காகிதத்தில் குத்திக் காட்டி, எந்தக் கட்டம் என்று படம் போட்ட தாளையும் தந்துவிட்டுப் போனான். வாக்குச்சாவடியில் பேனாவால் வட்டத்தை நிரப்பி இயந்திரத்தில் நுழைக்கும் ஊரில், ஜனங்கள் சட்டைப் பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்ததை நானே பார்த்தேன்.

என் மனைவி ஜூனில் பிரௌனுக்குப் போட்டாள், நவம்பரில் அந்த ஸ்டாம்பையும் எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் இதைப் பற்றிப் பேசாத இரவு இல்லை. "நீங்க சொல்றது எல்லாம் சரிங்க. ஆனா இவ்வளவு பெரிய நிர்வாகத்தை அந்தப் பொண்ணு நடத்தினதே இல்லையே? போலீஸ் பட்ஜெட்ல கைவைக்கிறேன்னு வேற சொல்றாங்க" என்பாள். அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. போலீஸ் பட்ஜெட்டில் 75 லட்சம் டாலர் குறைத்து வேறு சேவைகளுக்குத் திருப்புவேன் என்று வால்டன் சொல்லியிருந்தார். 2020 ஜூனில் எங்கள் சிட்டி ஹால் முன்னால் 75 வயதுக்காரர் ஒருவரைப் போலீஸ்காரர்கள் தள்ளி, அவர் மண்டை உடைந்து கிடந்த காட்சியை உலகமே பார்த்திருந்தது. ஆகவே அந்தப் பேச்சுக்குக் காரணம் இருந்தது. ஆனால் பிரௌனின் விளம்பரங்கள் அதை நூறு போலீஸ்காரர்களை வேலையைவிட்டு அனுப்பப்போகிறார் என்று மாற்றி, தினமும் டிவியில் போட்டன. துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தூங்கும் தெருக்களில் அது வேலை செய்தது. கிழக்குப் பக்கத்திலேயே பிரௌனுக்கு நிறைய ஓட்டு விழுந்தது. கறுப்பின மக்கள் எல்லாம் வால்டன் பக்கம், வெள்ளைக்காரர்கள் எல்லாம் பிரௌன் பக்கம் என்று வெளியூர்க்காரர்கள் எழுதியது தவறு. என்னைப் போன்ற படித்த, வாடகையும் கடனும் கட்டி முடிக்கிற மேற்குப் பக்கத்து ஆட்கள் பலர் வால்டனை விரும்பினார்கள். அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த வீடுகளில் ஒரு பகுதி அவரை நம்பவில்லை.

அப்புறம் பணம். கட்டட முதலாளிகள், வியாபாரிகள், குடியரசுக் கட்சியின் பணக்காரர்கள் எல்லோரும் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரருக்குப் பின்னால் நின்றார்கள். தங்களுக்கு ஆளே இல்லாத தேர்தலில் குடியரசுக் கட்சி வாக்காளர்களுக்கு முதல் முறையாகத் தங்கள் ஓட்டால் ஏதோ ஆகும் என்று தோன்றியது. அவர்களும் திரண்டு வந்தார்கள். ஜனநாயகக் கட்சியோ தன் வேட்பாளருக்குப் பின்னால் முழுதாக நிற்கவில்லை. செனட்டர் சக் ஷூமர் அக்டோபரில் ஆதரவு தந்தார், இடதுசாரி காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் நேரில் வந்து பேசினார். ஆளுநர் கேத்தி ஹோக்கல் எங்கள் பஃபலோ பகுதிக்காரர். அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. மாநிலக் கட்சித் தலைவர் ஜே ஜேக்கப்ஸ், பிரைமரியில் ஜெயித்தவரையெல்லாம் ஆதரிக்க வேண்டுமா என்று விளக்கப் போய், வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானின் தலைவராக இருந்த டேவிட் டியூக்கை உதாரணம் காட்டினார். ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிய பேச்சில்! பிறகு மன்னிப்புக் கேட்டார். எனக்கு இன்றும் அந்தப் பேச்சு ஆறவில்லை.

நவம்பர் 2 இரவு இயந்திரங்கள் சொன்னது இவ்வளவுதான்: வால்டனுக்கு சுமார் 40 சதவீதம், எழுதிப் போட்ட பெயர்களுக்கு சுமார் 60 சதவீதம். அந்தப் பெயர்கள் யாருடையவை என்று இயந்திரத்துக்குத் தெரியாது. சீட்டுகளை ஆட்கள் உட்கார்ந்து பார்த்து எண்ண வேண்டியிருந்தது. எண்ணி முடித்தபோது பிரௌனுக்கு 38,000க்கு மேல், வால்டனுக்கு 25,000க்கு மேல். அந்த மாதமே வால்டன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ரைட்-இன் வெற்றி அமெரிக்காவில் அபூர்வம், ஆனால் இதுவே முதல் அல்ல. 2010இல் அலாஸ்கா செனட்டர் லிசா முர்கௌஸ்கி தன் கட்சியின் பிரைமரியில் தோற்று, பெயர் எழுதும் ஓட்டிலேயே திரும்பி வந்தார். 2013இல் டெட்ராய்ட்டில் மைக் டக்கன் பிரைமரி சீட்டில் பெயர் நீக்கப்பட்டும், எழுதிப் போட்ட ஓட்டுகளால் முதலிடம் வந்து பிறகு மேயரானார். மூவருக்கும் பொதுவானது ஊர் அறிந்த பெயரும், அந்தப் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோகப் பணமும். ஒரு நர்ஸ் ஜூனில் தோற்றிருந்தால் இப்படித் திரும்பி வந்திருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பஃபலோவுக்கும் இது புதிதில்லை. 1977இல் ஆர்தர் ஈவ் என்ற கறுப்பினத் தலைவர் ஜனநாயகக் கட்சியின் மேயர் பிரைமரியில் ஜெயித்தார். அதில் தோற்ற ஜிம்மி கிரிஃபின், கன்சர்வேட்டிவ் கட்சி என்ற சிறிய கட்சியின் பெயரில் நவம்பரில் நின்று ஜெயித்து, 16 ஆண்டு மேயராக இருந்தார். நியூயார்க்கில் இப்படிச் சிறு கட்சிகளின் வரிசையில் நிற்கும் வசதி உண்டு. பல மாநிலங்களில் பிரைமரியில் தோற்றவர் அதே தேர்தலில் வேறு பெயரில் வாக்குச்சீட்டில் வரக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கிழக்குப் பக்கத்தில் வயதானவர்களோடு பேசினால் 2021ஐச் சொல்லும்போதே 1977ஐயும் சேர்த்துச் சொல்வார்கள்.

இனி நியாயமா என்ற கேள்வி. நான் நவம்பரில் வால்டனுக்குத்தான் போட்டேன். ஆனாலும் பிரௌன் மேயர் பதவியைத் திருடிவிட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. ஜூனில் 25,000 பேர்கூட வரவில்லை. நவம்பரில் 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் பெரும்பான்மை, அச்சில் இருந்த ஒரே பெயரை விட்டுவிட்டு, சிரமப்பட்டு இன்னொரு பெயரைப் பதித்துவிட்டுப் போனது. அதை மக்கள் தீர்ப்பு இல்லை என்று சொன்னால் வேறு எதை மக்கள் தீர்ப்பு என்பது?

எனக்குக் கோபம் வேறு இடத்தில். விவாதத்துக்கு வராமல், எதிராளியின் பெயரைச் சொல்லாமல் பிரைமரியைக் கடந்துவிடலாம் என்று பதினைந்து ஆண்டு மேயர் ஒருவர் நினைத்தார் என்றால், ஓட்டுப் போட யாரும் வரமாட்டார்கள் என்பதை நம்பித்தான் அப்படி நினைத்தார். அந்தக் கணக்கு ஒரு முறை தப்பியது. தப்பியதும் அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. கட்சி வேண்டாம் என்று பதிந்த எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் முதல் வாய்ப்பே நவம்பரில்தான் கிடைத்தது, அதுவும் அவர் தோற்றதால். அவர் ஜூனில் ஜெயித்திருந்தால் நவம்பரில் நான் தேர்ந்தெடுக்க எதுவும் இருந்திருக்காது. ஒரே கட்சி ஆளும் ஊரில் பிரைமரியை எல்லா வாக்காளருக்கும் திறந்துவிட வேண்டும், அல்லது கட்சிப் பெயர் இல்லாமல் எல்லோரையும் ஒரே சீட்டில் நிறுத்தி, முதல் இருவரை நவம்பருக்கு அனுப்ப வேண்டும். டெட்ராய்ட்டில் அப்படித்தான் செய்கிறார்கள். பஃபலோவிலும் அது இருந்திருந்தால் 2021இல் பிரௌனும் வால்டனும் இரண்டு பெயரும் அச்சான சீட்டில், ஸ்டாம்பும் நீதிமன்றமும் இல்லாமல், ஊர் முழுவதன் முன்னால் நேருக்கு நேர் நின்றிருப்பார்கள். பிரௌனே ஜெயித்திருக்கலாம். அப்படி ஜெயித்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த பனிப்புயலில் இந்தப் பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பஃபலோ நகர நிர்வாகம் தெருக்களைத் திறக்கத் தாமதித்ததாகக் கடும் விமர்சனம் எழுந்தது. 2024 அக்டோபரில் பிரௌன் ஐந்தாவது பதவிக்காலம் முடியும் முன்பே விலகி, குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் மையங்களை நடத்தும் பொது நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். கவுன்சிலைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஸ்கேன்லன் தற்காலிக மேயரானார். 2025 ஜூன் பிரைமரியில் அவரை மாநில செனட்டர் ஷான் ரயன் தோற்கடித்தார். நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளரைச் சுலபமாக வென்றார். இந்த முறையும் முடிவு ஜூனிலேயே தெரிந்துவிட்டது. விதிகளில் எதுவும் மாறவில்லை. உங்கள் உறவினர் யாராவது நியூயார்க் மாநிலத்தில் இப்படிப்பட்ட ஊரில் இருந்தால், வாக்காளர் பதிவில் கட்சி என்ற இடத்தில் என்ன குறித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்; மாற்ற வேண்டுமானால் பிப்ரவரி 14க்குள் மாற்றச் சொல்லுங்கள்.